கடைசி வீட்டு அக்கா சாப்பிடும் நேரம்

கடைசி வீட்டு அக்கா சாப்பிட உட்கார்ந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். கட்டிலில் கிடக்கிற புருஷன் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

படப்பை மெயின் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கமாக இறங்கும் மண் பாதையில் எங்கள் லைன் வீடு. ஐந்து குடித்தனம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சிமென்ட் ஷீட்டுக் கூரை. நான்காவதில் நாங்கள். ஐந்தாவதில் அவள். நடுவில் இருந்தது ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அவள் முகம் எனக்குப் பழகுவதற்கு முன்னாலேயே அவள் சாப்பிடுகிற நேரம் பழகிவிட்டது. தட்டு வைக்கிற சத்தம். பிறகு கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"இந்தாமே. இங்க வாயேன்."

"துன்னுகினு கீறேன். அப்பால."

மறுபடியும் கூப்பிடும். மறுபடியும் அப்பால. கோபமில்லாமல், குரல் உயராமல், பஸ் எப்போது வரும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்வாள்.

குடிபோன புதிதில் ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போய் எட்டிப் பார்த்தேன். அக்கா வாசலுக்கு நேராகப் பலகை போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு. தலையில் எண்ணெய் வைத்து வழித்துப் பின்னி, ஒரு துண்டு கனகாம்பரம்கூட வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள்.

"அவரு கூப்புடறாருக்கா," என்றேன்.

"கேக்குது," என்றாள். ஒரு வாய் எடுத்து ஊதிச் சாப்பிட்டாள். "நீ துன்னியா?"

"இல்லக்கா. மாமியாருக்குக் குடுத்துட்டுத்தான்."

என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். அடுத்த வாய்க்குச் சோறு பிசைந்தாள்.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் போகிற வழியில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை கிடைத்து, செய்யாற்றுப் பக்கத்திலிருந்து மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தோம். வரும்போது மாமியார் கையில் ஒரு மூட்டையோடு நடந்துதான் வந்தார். வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை வேளையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், வாய் மூன்றும் போய்விட்டன. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்தால் ஓவர்டைம், ஓவர்டைம் முடிந்தால் ஷிப்ட் என்று இருந்தார். அவர் சம்பாதித்தார், நான் பார்த்துக்கொண்டேன். அதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. அப்படி ஆகிவிட்டது.

நான் நல்ல மருமகள் என்று லைன் வீடு முழுக்கப் பேர். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்து, துணி மாற்றி, அலசிப் போட்டுவிட்டு வரும்போது சோறு சில்லிட்டிருக்கும். அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வேன். அதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வரும். போய்விட்டு வந்தால் மிச்சத்தைத் தொடத் தோன்றாது. முதல் வீட்டம்மா தண்ணீர்க் குழாயடியில் என்னைக் காட்டி, "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்," என்பார். சொல்லும்போது அவர் கண் கடைசி வீட்டுப் பக்கம் போகும்.

அக்கா மேல் அவர்களுக்கெல்லாம் இருந்த ஆத்திரம் சாப்பாட்டோடு நிற்கவில்லை. பகல் சாப்பாடு முடிந்து, புருஷனுக்கு எல்லாம் செய்து முடித்த பிறகு, அக்கா கதவை வெளியே தாழ் போடுவாள். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவாள். கரை மேல் வேப்ப மரத்தடியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துத் தூங்குவாள். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், பஸ்ஸுக்குக் குறுக்கு வழியில் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். வெயில் சாயும்போது எழுந்து, ஏரியில் முகம் கழுவிக்கொண்டு, போன மாதிரியே திரும்பி வருவாள்.

"புருசன் கட்டில்ல கெடக்கறான். இவளுக்கு ஏரிக்கரைல தூக்கம் கேக்குது," என்று முதல் வீட்டம்மா அவள் காதில் விழவே சொல்வார்.

"நல்லாத்தான் தூக்கம் வருது," என்பாள் அக்கா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

அந்த மனிதர் கூரை வேலைக்காரர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போதுதான் ஒன்றிரண்டாகக் கம்பெனி ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு ஷெட்டுக்கு மேலே ஏறி ஷீட் பதித்துக்கொண்டிருந்தபோது கால் வைத்த ஷீட் உடைந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நாங்கள் குடிபோவதற்கு முன்பே அவர் அப்படிக் கிடக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை. அக்கா வீட்டிலிருந்தபடி ரப்பர் வாஷருக்குப் பிசிர் வெட்டுவாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும். சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகச் சுற்றி நறுக்கி இன்னொரு மூட்டையில் போடுவாள். அவள் வீட்டில் எப்போதும் ரப்பர் வாடை இருக்கும். வேறு வாடை இருக்காது. இதைச் சொல்லியே ஆகவேண்டும். என் வீட்டில் ஊதுபத்தி ஏற்றினாலும் போகாத வாடை அங்கே இருந்ததில்லை.

அவள் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தை ஒன்றிரண்டு முறை கூடவே நின்று பார்த்திருக்கிறேன். கொஞ்சல் கிடையாது. "இப்படித் திரும்பு" என்றுகூடச் சொல்ல மாட்டாள். இடுப்புக்குக் கீழே ஒரு கை, தோளுக்குக் கீழே ஒரு கை கொடுத்து ஒரே தள்ளில் ஒருக்களித்துப் போடுவாள். முதுகை, பிட்டத்தை, குதிகாலை, கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்க விட மாட்டாள். மூத்திர டியூப்பை மடங்காமல் எடுத்து வைப்பாள். பாத்திரம் தேய்க்கிறவள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவள் முகம் இருக்கும். அவசரமும் இருக்காது, அருவருப்பும் இருக்காது.

ஒருமுறை அவள் ஏரிக்கரைக்குப் போயிருந்தபோது அந்த மனிதர் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார். தாழை நீக்கிப் போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மோரு கீரு இருக்குமா பாரேன்," என்றார். மோர் இல்லை. சும்மா நிற்கக் கூடாதே என்று, "அக்கா வந்துடுவாங்க," என்றேன்.

"வருவா," என்றார். "மொதல்ல நானும் கத்திகினு இருந்தேன். தட்ட வுட்டெறிஞ்சிருக்கேன். இப்ப இல்ல. போவட்டும். போனாத்தான் திரும்பி வருவா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்து மறுபடி தாழ் போட்டேன். அவர் சொன்னதை யோசிக்க வேண்டும் என்று நினைத்தேன். மாமியாரின் சத்தம் கேட்டது. போய்விட்டேன்.

ஆடி மாதக் காற்றில் அது நடந்தது. அக்கா கரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் சன்னல் கதவு அடித்துக்கொள்வதை நிறுத்த எட்டியிருக்கிறார். கட்டிலோடு சாய்ந்து விழுந்தார். நெற்றி சன்னல் விளிம்பில் மோதிப் பிளந்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது தரையில் ரத்தம். முதல் வீட்டம்மாவின் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏரிக்கரைக்குப் பறந்தார். அக்கா வந்தாள். வேகமாக நடந்து வந்தாள், ஓடி வரவில்லை. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்த மறுநாள், வடக்குப்பட்டிலிருந்து அவருடைய தம்பியும் தம்பி பெண்சாதியும் டெம்போவோடு வந்தார்கள். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நீங்க பாத்த லட்சணம் போதும் அண்ணி," என்றார் தம்பி. "எங்க அண்ணன எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும். பூட்டிட்டு ஊர் மேயறதுக்கு வேற ஆளப் பாருங்க."

லைன் வீடு முழுக்க வாசலில் நின்றது. அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தோம். அவள் உள்ளே போய் அவருடைய லுங்கிகள், பழைய பருத்திப் புடவைத் துண்டுகள், பவுடர் டப்பா, மாற்று டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். தம்பி பெண்சாதியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஒரே பக்கம் படுக்க வுடாத. திருப்பிப் போட்டுகினே இருக்கணும். குதிகால் தரைல படக்கூடாது, கீழ துணிய மடிச்சி வை."

"தெரியும்க்கா," என்றாள் அந்தப் பெண், முகத்தைப் பார்க்காமல்.

"நீ தூங்கும்போது வேற யாரையாவது பாக்கச் சொல்லு. நீ தூங்காம இருக்காத."

"அவரு இப்படிக் கெடக்கறப்ப எனக்குத் தூக்கம் வருமாக்கா?" என்றாள் அந்தப் பெண். அதைக் கேட்டு முதல் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெம்போவில் ஏற்றும்போது அந்த மனிதர் அக்காவையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அக்கா கட்டிலை வெயிலில் போட்டுக் கழுவினாள். மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் காயவைத்து மறுபடி தைத்தாள். பிறகு தூங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் கணக்கில் சத்தமே இல்லை. இடையிடையே தட்டு வைக்கிற சத்தம் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வடக்குப்பட்டுக்குப் போனாள். வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்து வாஷர் வெட்ட உட்கார்ந்தாள். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல ஆனது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அழுதிருந்தால் எங்களுக்கெல்லாம் வசதியாக இருந்திருக்கும்.

அந்த வாரங்களில் எனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையும் அதுதான், ஒன்றுமே இல்லை. மாமியார் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் முன்பெல்லாம் எரிச்சல் வரும், பிறகு பாவமாக இருக்கும். இப்போது இரண்டும் வருவதில்லை. பிடித்தால் நிற்பேன். விட்டால் போவேன். என் அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, அம்மா என்ன பேசினாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை.

ஒருநாள் காலை அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். கஞ்சி கொதித்து, வற்றி, அடிபிடித்து, கருகிப் புகை கிளம்பியது. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறக்கவேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அக்கா வந்து ஸ்டவ் திரியைத் தணித்தாள். கையால் புகையை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து இன்னா துன்ன?"

யோசித்தேன். "தெரியலக்கா."

"முந்தாநாளு?"

அவள் தன் வீட்டுக்குப் போய், தனக்கு வடித்து வைத்திருந்த சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்தாள். குழம்பு ஊற்றிப் பிசைந்து என் முன்னால் வைத்துவிட்டு, என் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாமியார் சத்தம் போட்டார். நான் எழுந்தேன்.

"குந்து," என்றாள் அக்கா. "அவங்க கத்தட்டும். கத்தறதுக்குத் தெம்பு இருக்குதில்ல? அப்பால போலாம்."

சாப்பிட்டேன். சூடாக இருந்தது தெரிந்தது. உப்பு இருந்ததா காரம் இருந்ததா என்று தெரியவில்லை.

புரட்டாசி பிறந்தபோது டெம்போ திரும்பி வந்தது. பகல் சாப்பாட்டு வேளை. அக்கா அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். டெம்போவின் பின்பக்கத்திலிருந்து தம்பி பெண்சாதி இறங்கினாள். முதலில் அது வேறு யாரோ என்று நினைத்தேன். கண்கள் குழிக்குள் போயிருந்தன. தலையில் எண்ணெய் பட்டு எத்தனை நாளோ. அந்த மனிதரை ஒரு போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவருக்கு முன்னால் அந்த வாடை வந்தது. லைன் வீட்டுப் பெண்கள் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அக்கா துணியை விலக்கினாள். பிட்டத்துக்கு மேலே கையகலத்துக்குச் சதை கறுத்து அழுகி, நடுவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எலும்பு என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"கண்ணு மூடலக்கா," என்றாள் தம்பி பெண்சாதி. "ராப்பகலா பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். ஒரு வேளை ஒழுங்கா துன்னது இல்ல. கடைசில குந்தினபடியே தூங்கிடறேன், எம்மா நேரம்னே தெரியல. முழிச்சா அவரு அதே பக்கம் கெடக்கறாரு. நான் ஒண்ணும் குறை வைக்கலக்கா. சத்தியமா வைக்கல."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அவளைப் பார்த்தாலே தெரிந்தது. தம்பி வாசலில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

அக்கா துணியை மறுபடி மெல்ல மூடினாள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, அடுப்பில் ஏற்றினாள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். பிறகு பலகையை எடுத்துப் போட்டாள். இரண்டு தட்டு வைத்தாள்.

"வா, குந்து," என்றாள் தம்பி பெண்சாதியிடம்.

அந்தப் பெண் புரியாமல் நின்றாள். தம்பிதான், "அண்ணி, இப்பவா?" என்றார். குரலில் முன்பிருந்த கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"தண்ணி கொதிச்சி ஆறணும்," என்றாள் அக்கா. "இத்தக் கழுவ ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிடும். நடுவுல எனக்குக் கண்ணு இருட்டினா யார் கழுவுவா? நீ கழுவுவியா?"

அக்கா சோற்றைப் போட்டு, குழம்பு ஊற்றி, அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். முதல் வீட்டம்மாகூட வாயைத் திறக்கவில்லை. தம்பி பெண்சாதி பாதித் தட்டில் கையை வைத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அக்கா அவள் கையைத் துடைத்துவிட்டு, தட்டை எடுத்து நகர்த்தி வைத்தாள்.

பிறகு ஆரம்பித்தாள். நான்தான் தண்ணீர் மாற்றிக் கொடுத்தேன். பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்து, செத்த சதையை ரப்பர் பிசிர் நறுக்குகிற மாதிரி ஓரம் ஓரமாக எடுத்தாள். பஞ்சை நனைத்து, பிழிந்து, ஒற்றினாள். அவருக்கு அங்கே வலி தெரியாது. ஆனாலும் அவர் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். வெயில் சன்னலை விட்டு இறங்கிச் சுவரை விட்டும் இறங்கியது. அக்கா ஒருமுறைகூட நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும் தம்பியை அனுப்பிக் கம்பவுண்டரைக் கூட்டி வரச் சொன்னாள். அவர் வந்து பார்த்துவிட்டு ஊசி போட்டார். யார் சுத்தம் செய்தது என்று கேட்டார். அதற்குள் அக்கா ஏரிக்கரைக்குப் போயிருந்தாள்.

அந்தப் புண் ஆற வெகுகாலம் ஆனது. இனி அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது. ஒருநாள் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் கரைக்குப் போவும்போது நீ அவரப் பாத்துக்கோ. நீ போவும்போது ஒங்க மாமியாரப் பாக்கறேன்."

"நான் எங்கயும் போவலக்கா. நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

"சும்மா பாத்துக்கினா எம்மா நாளு பாப்ப? மூணு மாசத்துல நீ படுத்துடுவ. அப்ப நான் போவ முடியாது. எனக்குப் போவணும்."

எனக்காகச் சொல்லவில்லை என்பதை அவள் மறைக்கவில்லை. அதனால்தான் சரி என்றேன் என்று நினைக்கிறேன். எனக்காக என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

அப்படி நானும் ஏரிக்கரைக்குப் போனேன். படுக்கவில்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். எதிர்க்கரையில் லாரிகளுக்கு மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. வெயில் சாய்ந்ததும் எழுந்து வந்தேன். மறுநாளும் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் மாமியார் சத்தம் போடாமல் இருப்பார். அக்கா அவர் இடது கையில் வாஷர்களைக் கொட்டியிருப்பாள். நறுக்கியதை ஒரு பக்கம், நறுக்காததை ஒரு பக்கம் என்று மாமியார் விரலால் தள்ளிக்கொண்டிருப்பார். பாதி தப்பாக இருக்கும். அக்கா பிறகு பிரித்து வைத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை என் மாமியார் இறந்துபோனார். கஞ்சி கொண்டுபோனபோது ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒவ்வொருத்தியும் என் தோளில் சாய்ந்து அழும்போது நானும் அழவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் ஒன்றும் வரவில்லை. "இவ்வளவு செஞ்சியே, ஒரு சொட்டு வரலியாடி," என்று என் நாத்தனார் காதோடு கேட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை என் பக்கத்தில் வந்து, "நீ கொஞ்சம் உக்காரேன்," என்றார். உட்காரத்தான் யாரும் விடவில்லை.

பகலில் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டோம். தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். நாத்தனார், வந்தவர்களுக்குக் காபி வேண்டும் என்றாள். அடுப்புக்குப் போகத் திரும்பினேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இவ தூங்கட்டும். காப்பி நான் கடைலேந்து வாங்கி அனுப்பறேன்."

"சாவு வூட்ல இன்னா தூக்கம்?" என்றாள் நாத்தனார்.

"அப்பால அழுவா," என்றாள் அக்கா.

என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தரையில் பாயைப் போட்டாள். கட்டிலில் அந்த மனிதர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் தயங்கினேன். "அந்தாளு எழுந்து வரமாட்டாரு, படு," என்றாள். அவர் லேசாகச் சிரித்ததுபோல இருந்தது. அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். படியில் அவள் உட்கார்கிற சத்தமும் கத்தரிக்கோல் சத்தமும் கேட்டன. யாரோ வந்து என்னைக் கேட்டார்கள். "தூங்கறா," என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது அறைக்குள் வெளிச்சம் மங்கியிருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. என் கைக்குப் பக்கத்தில் தரையில் ஈரம். கட்டிலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து பார்த்தேன். டியூப் கழன்றிருந்தது. அவர் விரிப்பும் லுங்கியும் மெத்தையும் நனைந்து, அவர் அதிலேயே கிடந்தார். நனைந்து நெடுநேரம் ஆகியிருந்தது என்பது துணியைத் தொட்டதும் தெரிந்தது, சில்லென்று இருந்தது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை, கையெட்டும் தூரத்தில் இருந்தாள்.

"கூப்பிட்டிருக்கலாமேண்ணா," என்றேன்.

"நீ தூங்கிகினு இருந்த," என்றார்.

கதவைத் தட்டினேன். அக்கா தாழை நீக்கி உள்ளே வந்து பார்த்தாள். காய்ந்த விரிப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். இன்னொரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். அவரை அந்தப் பக்கம் திருப்பினோம், பிறகு இந்தப் பக்கம் திருப்பினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.